மூன்றரைப் படி

சுங்கை சிப்புட் நீதிமன்றத்தில்
என் வேலை வாய்தான்.
மலாயில் வருவதைத் தமிழில் இறக்குவேன்,
தமிழில் வருவதை மலாயில் ஏற்றுவேன்.
நடுவில் எனக்கென்று ஒரு சொல் கிடையாது.

செம்பனைத் தோட்டத்தில்
உதிரிப்பழம் பொறுக்கும் சிவபாக்கியம்
நகராண்மைக் கழகக் கிளைக்குப் போனது
பலகாரக் கடை லைசென்சுக்குக் காசு கட்ட.
கவுண்டர் மாடியில். பன்னிரண்டு படி.
கட்டிவிட்டு இறங்கும்போது விழுந்தார்.
வலது மணிக்கட்டில் இப்போது தகடு,
திருகாணி ஆறு.

எந்த முறையில் அங்கே போனீர்கள்?
அழைக்கப்பட்டவரா, அனுமதிக்கப்பட்டவரா,
அத்துமீறி நுழைந்தவரா?
சட்டம் மூன்று பாய் விரித்து வைத்திருக்கிறது.
எதில் உட்கார்கிறோமோ
அதற்கேற்ற கவனிப்பு.

அவர் யோசித்தார்.
"யாரும் வாங்கன்னு சொல்லலைங்க.
கடுதாசிதான் வந்துச்சு,
பதினஞ்சாம் தேதிக்குள்ள கட்டலன்னா
அபராதம்னு."
அப்படியே மலாயில் வைத்தேன்.
மாஜிஸ்திரேட் ஏதோ எழுதிக்கொண்டார்.

கட்டடம் ஹோ சகோதரர்களுடையது,
மாடிக்கு நாங்கள் வாடகைதான் கொடுக்கிறோம்
என்றார் கழகத்தின் வழக்கறிஞர் ஹஸ்புல்லா.
மாடியைக் கொடுத்தபோதே
படியையும் கொடுத்துவிட்டோம்
என்றது ஹோ தரப்பு.
காலையில் கம்பிக்கதவைத் திறந்தது யார்?
பல்பு மாற்றியது?
கூட்டியது?
முழுசாக ஒரு மணி நேரம்
அழுகிற பிள்ளையைப் போல அந்தப் படிக்கட்டை
மடி மாற்றி மடி மாற்றி வைத்தார்கள்.

பார்த்துத்தான் இறங்கினீர்களா?
"மேல ரெண்டு படி பார்த்தேங்க.
அப்புறம் காலு பழகிக்கிச்சு.
எல்லாம் ஒரே உயரம்னு நம்பிடுச்சு.
ஒம்பதாவதுல வச்சேன்,
வச்ச எடத்துல படி இல்ல."

நான்கு சென்டிமீட்டர் அதிகம்
என்றது பொறியாளர் அறிக்கை.
அது முப்பத்தொரு பக்கம்.

பிறகு ஒரு படம்.
சுவரில் மஞ்சள் பலகை: அவாஸ், கவனம்.
இதைப் பார்க்கவில்லையா?
அவர் கைக்குப் போகிற வழியில்
நானும் பார்த்தேன்.
பலகைக்கு நேர் கீழே, படியின் மேல்,
சுவரைத் துளைத்த வெள்ளைத் தூள்.
ஒரு செருப்புத் தடம்கூட அதில் இல்லை.

அவருடைய வழக்கறிஞர் சின்னப் பெண்,
கோப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.
நாக்கை மடக்கிக்கொண்டேன்.
என் கண் பார்த்தது சாட்சியம் ஆகாது.

சிவபாக்கியம் படத்தை
முகத்தருகே கொண்டுபோனார்.
"தூளக் கூட்டாம விட்டுட்டாங்க பாருங்க" என்றார்,
பழக்கதோஷம்,
குறை சொல்லும் குரல்கூட இல்லை.
அந்த ஒரு வாக்கியத்தை ஏற்றும்போது
என் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.
ஒப்புக்கொள்கிறேன்.
சின்னப் பெண் நிமிர்ந்தார்.

மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு.
பலகை பிறகு மாட்டியது.
கழகமே பொறுப்பு.
ஆனால் ஒரு பக்கம் கைப்பிடி இருந்தும்
பிடிக்காமல் இறங்கினார்,
ஆகவே முப்பது விழுக்காடு அவர்மேல்.

விழுக்காடு.
இருபது வருடமாகச் சொல்கிற சொல்.
உள்ளே ஒரு விழுகை இருப்பது
அன்றைக்குத்தான் காதில் பட்டது.

"பன்னெண்டு படியில அது எத்தனைங்க?"
காகித ஓரத்தில் போட்டுப் பார்த்தேன்.
மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே.
"அப்ப மூணரைப் படி நானா விழுந்தது.
மிச்சத்துக்கு அவங்க தள்ளிவிட்டாங்களா?"
சிரித்தாரா என்று தெரியவில்லை.

நீதிமன்றத்துக்கும் வாசலில் ஏழு படி உண்டு.
இடது கையால் கம்பியைப் பிடித்து,
ஒவ்வொன்றையும் கால்விரலால் தட்டிப் பார்த்து
இறங்கினார். நான் பின்னால்.
எதிரே அதே மாடி.
கம்பிக்கதவு திறந்திருந்தது,
யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கீழே நின்று பையிலிருந்து
பிளாஸ்டிக் உறையில் போட்ட ரசீதை எடுத்தார்.
கைப்பிடியைப் பிடிக்க வேண்டிய கையில்
அன்று இருந்தது.
நூற்று இருபது ரிங்கிட்.
"கடைசியில பொடிசா என்னமோ போட்டிருக்கே,
என்னங்க அது?"

வாசித்துச் சொன்னேன்:
நன்றி. மீண்டும் வாங்க.